டிஸ்க் பிரேக் தேய்ந்ததா? நாமே அளந்து பார்க்கலாம்!

சமையல் குறிப்பும் கோலமும் வருகிற பக்கத்தில் இவள் எதற்குக் கார் பிரேக்கைப் பற்றி எழுதுகிறாள் என்று சில சகோதரிகள் நினைக்கலாம். இப்போது நம்மில் பலர் வீட்டு வாசலில் ஒரு பழைய காராவது நிற்கிறது. ஆஸ்பத்திரிக்கு, கல்யாணத்துக்கு, குலதெய்வம் கோயிலுக்கு என்று பிள்ளைகளையும் பெரியவர்களையும் ஏற்றிக்கொண்டு அதில்தான் போகிறோம். ஒர்க் ஷாப்பில் "டிஸ்க் போயிருச்சு" என்றால் பணத்தை எடுத்து நீட்டுகிறோம். "டிஸ்க் நல்லா இருக்கு" என்றால் நிம்மதியாகத் திரும்பி வருகிறோம். அளந்து சொன்னார்களா, சும்மா கண்ணால் பார்த்துச் சொன்னார்களா என்று கேட்பதில்லை. அதைக் கேட்டதால் எங்கள் வீட்டில் ஒரு தடவை ஐயாயிரம் ரூபாய் மிச்சமானது. இன்னொரு தடவை அதைவிட அதிகமாகச் செலவானது. இரண்டுமே நல்லதுக்குத்தான்.

நான் பத்தாவது வரை படித்தவள். வயது 38. சேலத்தில் இருக்கிறோம். என்னவர் ஜவுளி வியாபாரம். 2018-ல் இரண்டாம் கையாக ஒரு சின்னக் கார் வாங்கினோம். நாத்தனாரை ஏற்காட்டில் கட்டிக் கொடுத்திருப்பதால் மாதம் ஒரு தடவையாவது மலை ஏறி இறங்க வேண்டும். சேலத்திலிருந்து மேலே போகிற பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் மட்டும் 20. ஏறுவதற்கு இஞ்சின் பாடுபடுகிறது, இறங்குவதற்கு பிரேக் பாடுபடுகிறது.

எவ்வளவு பாடு என்று பதினொன்றாவது படிக்கிற என் மகன் ஒரு நாள் கணக்குப் போட்டுக் காட்டினான். சேலம் சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். நாலு பேரோடு எங்கள் கார் ஆயிரம் கிலோவுக்கு மேல். அவ்வளவு எடை 1,200 மீட்டர் கீழே இறங்கும்போது வெளிப்படுகிற சூட்டில் 40 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாமாம். கிட்டத்தட்ட மூன்று குடம்! கொஞ்சத்தைக் காற்றும், கியரில் இறங்கினால் இஞ்சினும் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் போட்டுக்கொண்டு பிரேக்கை மட்டுமே மிதித்து வந்தால் பெரும்பகுதி சக்கரத்துக்குள் இருக்கிற இரும்புத் தட்டுகளின் தலையில்தான் விழும். "ஏறிய கியரில் இறங்கவும்" என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான்.

அந்த இரும்புத் தட்டுதான் டிஸ்க். சின்னக் கார்கள் பெரும்பாலானவற்றில் முன் சக்கரம் இரண்டில் டிஸ்க், பின்னால் டிரம். பிரேக் போட்டதும் வண்டியின் பாரம் முன்னால் சாய்வதால் முன் பிரேக்குக்குத்தான் வேலை அதிகம். டிஸ்க் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும். பெடலை மிதித்தால் காலிப்பர் என்கிற பிடி, இரண்டு பக்கமும் இருக்கிற பேடுகளை வைத்து அதை இடுக்கி மாதிரி அமுக்கும். பேடு சீக்கிரம் தேயும், அதை மாற்றுவது வழக்கமான செலவு. டிஸ்க் மெதுவாகத் தேயும். அதனால்தான் அதை யாரும் கவனிப்பதில்லை.

தேய்ந்த டிஸ்க் எப்படி இருக்கும் என்பது நமக்குப் புதிது இல்லை. நாள்பட்ட அம்மியை நினைத்துக்கொள்ளுங்கள். குழவி ஓடுகிற நடுப்பகுதி பள்ளமாகி, குழவி படாத ஓரம் மேடாக நிற்கும் அல்லவா? டிஸ்க்கிலும் பேடு உரசுகிற இடம் இறங்கி, வெளி விளிம்பில் ஒரு வரப்பு நிற்கும். சக்கரத்தைக் கழற்றி, டிஸ்க் நன்றாக ஆறிய பிறகு விளிம்பில் விரலை வைத்து உள்பக்கம் இழுத்தால் நகம் படியிலிருந்து இறங்குவது தெரியும். வரப்பு இருந்தால் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். மாற்ற வேண்டுமா என்பதை அளவுதான் சொல்லும்.

அந்த அளவு டிஸ்க்கிலேயே எழுதியிருக்கிறது, இதுதான் நிறையப் பேருக்குத் தெரியாத விஷயம். போல்ட் ஓட்டைகள் இருக்கிற நடு மேட்டிலோ, வெளி விளிம்பிலோ ஆங்கிலத்தில் 'மினிமம்' என்பதன் சுருக்கமும் பக்கத்தில் ஒரு எண்ணும் பொறித்திருப்பார்கள். துருவில் மறைந்திருந்தால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் தெரியும். அந்த எண்ணுக்குக் கீழே போன டிஸ்க்கை ஓட்டக் கூடாது. எங்கள் காரில் புது டிஸ்க் 17 மி.மீ., கடைசி அளவு 15 மி.மீ. அதாவது தேய்வதற்கு அனுமதி வெறும் 2 மி.மீ. மற்ற சின்னக் கார்களிலும் அனுமதி பெரும்பாலும் இந்த அளவுதான், ஆனால் மொத்த கனம் வண்டிக்கு வண்டி மாறும். அடுத்த வீட்டுக் கார் எண்ணை நம் காருக்கு வைத்துப் பார்க்க வேண்டாம்.

2021-ல் பேடு மாற்றக் காரை ஒரு ஒர்க் ஷாப்பில் விட்டோம். போன் வந்தது: "சார், டிஸ்க் பூரா கோடு விழுந்திருச்சு. ரெண்டையும் மாத்திடலாம். அஞ்சாயிரம் கூட ஆகும்." என்னவர் சரி என்று சொல்ல வாயெடுத்தார். நான் பக்கத்திலிருந்து, "எத்தனை மி.மீ. இருக்குதுன்னு கேளுங்க" என்றேன். அந்தப் பக்கம் பதில் இல்லை. "அளக்க வேண்டாம் சார், பார்த்தாலே தெரியுது" என்றார்கள். பேடை மட்டும் மாற்றச் சொல்லவும் அவர்களுக்கு மனசில்லை, இவருக்கும் தயக்கம். வண்டியை அப்படியே எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம்.

என் தம்பி லேத் பட்டறையில் வேலை செய்கிறான். நான் மி.மீ. கேட்டதே அவன் வாயிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டுப் பழகியதால்தான். ஞாயிற்றுக்கிழமை அவனையும் தெரிந்த மெக்கானிக் ஒருவரையும் வரவழைத்து வாசலிலேயே பேடுகளைக் கழற்றினோம். வீட்டில் ஒரு வெர்னியர் இருந்தது. அதன் வாயை டிஸ்க்கின் மேல் நேரே வைத்தால் ஓரத்து வரப்பின் மேல்தான் உட்காரும். தேயாத வரப்பை அளந்துவிட்டு "ஆஹா, புதுசு மாதிரி இருக்கு" என்று ஏமாற வேண்டியதுதான். அதற்கு ஒரு யுக்தி உண்டு. ஒரே மாதிரியான இரண்டு ஒரு ரூபாய்க் காசு எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் இரண்டையும் ஒன்றாக வைத்து அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு வரப்புக்கு உள்ளே, பேடு ஓடுகிற இடத்தில், டிஸ்க்கின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு காசாக வைத்து, காசோடு சேர்த்து அளக்க வேண்டும். அதிலிருந்து காசின் கனத்தைக் கழித்தால் டிஸ்க்கின் உண்மையான கனம். எங்களுக்குக் காசோடு 19.1 வந்தது. காசு இரண்டும் 2.9. கழித்தால் 16.2.

தம்பி சிரித்துக்கொண்டே பட்டறையிலிருந்து கொண்டு வந்த மைக்ரோமீட்டரை எடுத்தான். அது வேறொன்றும் இல்லை, பள்ளிக்கூடத்தில் திருகு அளவி என்று படித்தோமே, அதேதான். சுழிப் பிழை பார்த்துவிட்டு அளக்க வேண்டும் என்று அறிவியல் டீச்சர் சொன்னது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது! அதன் முனை சின்னது என்பதால் வரப்புக்கு உள்ளே நேராகப் போய்விடும், காசு தேவையில்லை. அதிலும் 16.2 தான். ஒரே இடத்தில் அளந்தால் போதாது என்று, வட்டத்தைச் சுற்றி எட்டு இடத்தில் அளந்தான். இரண்டு பக்கச் சக்கரமும் கிட்டத்தட்ட ஒன்றுபோல் இருந்தன. பேடை மட்டும் மாற்றினோம். அந்த டிஸ்க் அதற்குப் பிறகு மூன்று வருஷம் ஓடியது.

அந்த ஒர்க் ஷாப் சொன்ன கோடுகள் இருந்தது உண்மைதான். கிராமபோன் தட்டு மாதிரி மெல்லிய கோடுகள் எல்லா டிஸ்க்கிலும் வரும். நகம் மாட்டி நிற்கிற அளவுக்கு ஆழமான பள்ளம் என்றால்தான் கவலை. அதே மாதிரி மழையில் நனைந்தோ, கழுவி நிறுத்தியோ மறுநாள் பார்த்தால் டிஸ்க் முழுக்க செம்பழுப்புத் துருவாக இருக்கும். வார்ப்பிரும்பு அப்படித்தான், ஈரம் துடைக்காத இரும்பு தோசைக்கல் மாதிரி. தெருமுனை வரை போய் நாலு தடவை பிரேக் பிடித்தால் வழித்துப் போய்விடும். யாராவது அதைக் காட்டி டிஸ்க் மாற்றச் சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் பேடு உரசுகிற இடத்திலேயே பிரேக் பிடித்தும் போகாத துருப் பட்டை இருந்தால், அந்த இடத்தில் பேடு சரியாகப் படவில்லை. அதைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

இனி 2024-க்கு வருகிறேன். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை காலையில் வாசல் கழுவும்போது காரையும் கழுவுவது நான்தான். சில வாரமாக ஒன்று கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. இடது முன் சக்கரத்தில் மட்டும் கரித் தூள் அதிகம். வலது சக்கரம் துணியால் ஒரு தடவை துடைத்தால் போதும், இடது சக்கரத்துக்கு சோப்புத் தண்ணீர் வேண்டியிருந்தது. அந்தத் தூள் பேடும் டிஸ்க்கும் தேய்ந்து விழுவதுதான். கடைவீதிக்குப் போய் வந்ததும் கையைச் சக்கரத்துக்கு அருகில், தொடாமல், நீட்டிப் பார்த்தேன். இடது பக்கம் அனல் கூடுதலாக அடித்தது. சத்தம் ஒன்றும் இல்லை. பெடலும் துடிக்கவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் டிஸ்க் கண்ணாடி மாதிரி மின்னியது.

வேறொரு ஒர்க் ஷாப்பில் காட்டினோம். இந்தத் தடவை அவர்கள் மாற்றச் சொல்லவில்லை. "லெஃப்ட் உள் பக்கம் லேசா வாங்கியிருக்கு. லேத்தில ஒரு கடைசல் போட்டா போதும், அறுநூறு ரூபாய்ல முடிச்சிடலாம்" என்றார்கள். தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கிற சமயம். என்னவருக்கு அறுநூறு என்றதும் முகம் மலர்ந்தது. "இவரு நியாயமா சொல்றாரு பாரு" என்றார்.

கடைசல் போடுவது என்றால் டிஸ்க்கின் இரண்டு முகத்தையும் சீவி சமமாக்குவது. கனம் இருக்கிற டிஸ்க்குக்கு அது நல்ல வைத்தியம். சீவிய பிறகும் அந்தக் கடைசி எண்ணுக்கு மேலே கனம் மிச்சம் இருக்க வேண்டும். அது மிச்சம் இருக்குமா என்று தெரியாமல் எப்படிச் சீவுவது? தம்பியின் பட்டறைக்கே வண்டியைக் கொண்டு போனோம். வலது டிஸ்க் 15.6. இடது 14.8! சீவுவதற்கு முன்பே கோட்டைத் தாண்டியாகிவிட்டது. சீவினால் இன்னும் மெலிசாகும். அறுநூறு ரூபாய் கொடுத்து ஆபத்தைப் பளபளப்பாக்கி வாங்கி வந்திருப்போம்.

"ஒரு மில்லிமீட்டர்ல காலு கூட இல்லையே, அதுக்கா இவ்வளவு?" என்று இவர் கேட்டார். தம்பி பொறுமையாகச் சொன்னான். கனம் குறைந்த டிஸ்க் சீக்கிரம் சூடேறும், சூட்டைத் தாங்கி வைத்துக்கொள்ள அதில் இரும்பு இல்லை. மெல்லிய வாணலி சீக்கிரம் காய்வதை நாம் பார்க்கவில்லையா? அப்படிக் காய்ந்தால் வெடிப்பு விழும். பேடின் பிடிமானம் குறைந்து, மிதித்தாலும் வண்டி நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகும். பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விட்டால் பெடல் பஞ்சு மாதிரி அடி வரை போகும். டிஸ்க் மெலிய மெலிய அதை எட்டிப் பிடிக்க பிஸ்டனும் கூடுதலாக வெளியே வர வேண்டியிருக்கும். சமவெளியில் ஒன்றும் தெரியாது, 20 வளைவு இறங்கும்போதுதான் தெரியும். இவர் அதற்கு மேல் பேசவில்லை. அந்த வருஷம் எனக்கும் அவருக்கும் தீபாவளிக்குப் புதுத் துணி எடுக்கவில்லை, பிள்ளைகளுக்கு மட்டும் எடுத்தோம். டிஸ்க் இரண்டும், பேடும், கூலியும் சேர்த்து ஆறாயிரத்துச் சொச்சம் ஆனது.

வலது டிஸ்க் கோட்டுக்கு மேலே இருந்ததே, அதை ஏன் மாற்ற வேண்டும் என்று நானும் கேட்டேன். ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு என்றால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கலாம். அதனால் முன் சக்கரம் இரண்டுக்கும் ஜோடியாகத்தான் மாற்றுவார்கள். அதில் பேரம் பேசவில்லை.

இடது பக்கம் மட்டும் ஏன் தேய்ந்தது என்பதற்கு காரணம் காலிப்பரில் இருந்தது. காலிப்பர் இரண்டு ஊசிகளின் மேல் முன்னும் பின்னும் நகர வேண்டும். ஒரு ஊசி துருப்பிடித்து இறுகிவிட்டதால் உள் பக்கத்துப் பேடு மட்டும் விடாமல் உரசிக்கொண்டிருந்திருக்கிறது. வெளிப் பக்கத்துப் பேடு பாதி கனத்தில் நன்றாக இருந்தது, உள் பேடு பிஸ்கட் மாதிரி மெலிந்திருந்தது. சக்கரத்தின் சந்து வழியாக நமக்குத் தெரிவது வெளி முகம் மட்டும்தான். உள் முகத்தைப் பார்க்க ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி, டார்ச் அடித்துப் பின்னாலிருந்து குனிந்து பார்க்க வேண்டும். தகரத் தட்டு கொஞ்சம் மறைக்கும், இருந்தாலும் முடிந்தவரை பாருங்கள். ஊசியைச் சுத்தம் செய்து அதற்கென்று இருக்கிற கிரீஸ் போட்டார்கள். சாதாரண கிரீஸ் போட்டால் ரப்பர் ஊதிப் போகும், அதனால் என்ன போடுகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். புது டிஸ்க் போட்டுவிட்டு ஊசியை மட்டும் அப்படியே விட்டிருந்தால் அதுவும் சீக்கிரமே போயிருக்கும்.

பெடல் துடிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. பிரேக் போடும்போது கால் கீழே அதிர்ந்தால், ஸ்டியரிங் ஆடினால், "டிஸ்க் கோட்டம் ஆயிருச்சு" என்பார்கள். பல சமயம் டிஸ்க் வளைந்திருக்காது. சில இடத்தில் கனம் கூடுதல், சில இடத்தில் குறைவு, அல்லது பேடின் பூச்சு ஒரு இடத்தில் அப்பிக்கொண்டிருக்கும். ஒரு தலைமுடியின் கனத்தில் பாதி வித்தியாசம் இருந்தாலே காலுக்குத் தெரிந்துவிடும். எட்டு இடத்தில் அளக்கச் சொல்வது இதற்காகத்தான். மலை இறங்கி வந்து நிறுத்தியதும் காலை பிரேக்கிலேயே அழுத்தி வைத்திருந்தாலும் சூட்டில் பேடின் அச்சு அப்படியே பதியும். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்துவிட்டுக் காலை எடுத்துவிடுவது நல்லது. ஏ.பி.எஸ். இருக்கிற காரில் திடீரென்று அழுத்தி மிதித்தால் பெடல் டக்டக் என்று அடிக்கும், அது கோளாறு இல்லை.

மலைப் பாதையில் கருகிய வாடை வந்தால் ஓரம் கட்டி ஆற விடுங்கள். சிலர் பாட்டில் தண்ணீரைச் சக்கரத்தில் ஊற்றுவதை நானே பார்த்திருக்கிறேன். காய்ந்த இரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் வெடிப்பு விழும், வேண்டவே வேண்டாம். டிஸ்க்கில் விளிம்பு வரை ஓடுகிற வெடிப்பைப் பார்த்தால் கனம் எவ்வளவு இருந்தாலும் மாற்றியே ஆக வேண்டும். நீலம் பூத்த மாதிரி திட்டுத் திட்டாக நிறம் மாறியிருந்தால் ரொம்பச் சூடாகியிருக்கிறது என்று அர்த்தம். கீச்சென்று சத்தம் வந்தால் பெரும்பாலும் பேடு முடிந்துவிட்டது என்று சொல்ல அதிலேயே வைத்திருக்கிற சின்னத் தகடு டிஸ்க்கில் உரசுகிறது. அந்தச் சத்தத்தோடு ஓட்டிக்கொண்டே இருந்தால் பேடின் இரும்புப் பட்டையே டிஸ்க்கை அறுத்துவிடும்.

சக்கரத்தை நாமே கழற்றிப் பார்க்க ஆசைப்பட்டால் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கல் வைத்து, வண்டியைத் தூக்குவதற்கு முன்பே நட்டைத் தளர்த்துங்கள். ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் கையைக்கூட நீட்டக் கூடாது. அங்கே இருக்கிற தூளை வாயால் ஊதாதீர்கள், மூச்சில் போகும். ஈரத் துணியால் துடைத்தால் போதும். பேடைக் கழற்றி மாட்டுவதைத் தெரிந்தவர்களிடம் விட்டுவிடுங்கள். நமக்கு வேண்டியது அளவு மட்டும்தான்.

ஒர்க் ஷாப்பில் வேலை கொடுக்கும்போது நான் இப்போது இரண்டு விஷயம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எத்தனை மி.மீ. என்று பில்லில் எழுத வேண்டும், மாற்றிய பழைய சாமானைத் திருப்பித் தர வேண்டும். முதல் தடவை கேட்டபோது ஒரு மாதிரி பார்த்தார்கள். இரண்டாம் தடவை அவர்களே பையில் போட்டு வைத்திருந்தார்கள்.

பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி, கிலோமீட்டர், இடது, வலது என்று நாலு கட்டம் போட்டு எழுதி வருகிறேன். பழைய டிஸ்க்கில் வலதைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டாயிற்று. இடதை மட்டும் கொடுக்கவில்லை. அக்கம்பக்கத்தில் யாராவது கேட்டால் வரப்பில் நகத்தை வைத்துப் பார்க்கச் சொல்வதற்காக வைத்திருக்கிறேன். போன வாரம் எதிர்வீட்டு அக்கா வந்து பார்த்துவிட்டு, இரண்டு ரூபாய்க் காசுகளையும் வெர்னியரையும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.

- ஒரு வாசகி, சேலம்